மூன்றாம் வரிசையில் எரிந்த விளக்கு

படம் ஓடும்போது எவனாவது வண்டி விளக்கை எரியவிட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற எங்கள் டிரைவ்-இன் தியேட்டரில் திரை என்பது கோதுமை வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு வெள்ளைச் சுவர்தான். அதன்மேல் ஒரே ஒரு பிக்கப் வண்டியின் வெளிச்சம் பட்டால் போதும், கதாநாயகி முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். என் கணவர் கார்னெட் படம் ஓட்டும் அறையை விட்டு வெளியே வரமாட்டார். மைதானமும் கேன்டீனும் என் தலையில். கையில் டார்ச்சும் தோள்பையில் பழைய துண்டுகளுமாக வரிசை வரிசையாக நடப்பேன். சொல்லியும் அணையாத விளக்கைத் துண்டு போட்டு மூடுவேன்.

அந்தத் துண்டுகளில் பாதி ஓரெஸ்ட் பாபியுக்கின் வண்டிக்கே போனது.

ஓரெஸ்ட் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். படிப்பு முடிந்ததும் ஊராட்சியில் கிரேடர் ஓட்டப் போனான், இன்றுவரை அதுதான் வேலை. காலையிலிருந்து மாலைவரை சரளைச் சாலைகளைச் சமன்செய்துகொண்டு அந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பான். எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள், இவனும் ஒரு விரலைத் தூக்குவான். பல நாள் அவனுடைய மொத்தப் பேச்சுவார்த்தையே அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகவில்லை. வங்கியில் வேலை பார்த்த ஒருத்தியை நடனத்துக்கு அழைக்கலாம் என்று அவன் துணிவதற்குள் அவள் ரெஜைனா நகரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அப்பா விட்டுப்போன வீட்டில் அவனும் அக்கா ஓல்காவும் இருந்தார்கள். ஓல்கா சரியான வாயாடி. தம்பிக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் மார்ச் மாதத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். ஊரே திரண்டு பெரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் இலைச் சுருளும் கொண்டுபோய் அவன் ஃப்ரீசரை நிரப்பினோம். காலிப் பாத்திரங்களை வாங்க ஒருமுறை போனோம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக எங்களில் ஒருவருக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

அந்த வசந்தத்தில்தான் அவன் புது பிக்கப் வாங்கினான். மே மாதம் நாங்கள் திறந்த முதல் வெள்ளிக்கிழமையே வந்து மூன்றாம் வரிசையில் நிறுத்தினான்.

எங்கள் நாட்டில் விற்கிற வண்டிகளுக்குப் பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிந்தாக வேண்டும். இருட்டினால் பெரிய விளக்கும் தானாகவே வந்துவிடும். படத்தின் ஒலியோ வண்டியின் ரேடியோவில்தான் வரும். ரேடியோவுக்காகச் சாவியைத் திருகினால் சில வண்டிகளில் கூடவே விளக்கும் எரியும். ஓரெஸ்ட் வண்டி அந்த ரகம். எரிந்ததும் நாலா பக்கமிருந்தும் ஹாரன். நான் போனபோது கண்ணாடி ஏற்கெனவே இறங்கியிருந்தது. வண்டியை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அப்புறம் சாவியைத் திருகினால் விளக்கு வராது என்று சொல்லிக்கொடுத்தேன்.

"அப்படியா? இது தெரியாமப் போச்சே" என்றான்.

பிறகு என் முழங்கால் வலியை விசாரித்தான். கார்னெட்டின் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான். சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினான். அடுத்த வெள்ளி மறுபடி விளக்கு, மறுபடி ஹாரன், மறுபடி அதே பாடம், அதே "அப்படியா". கேன்டீனில் கூட்டம் நெரித்து என்னால் போக முடியாவிட்டால் பக்கத்து வண்டிக்காரர்கள் இறங்கிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளிக்கூட டீச்சர் சொல்லிக்கொடுத்தாள், பன்றிப் பண்ணைக்காரர் சொல்லிக்கொடுத்தார், ஹாக்கிப் பையன்கள் வண்டிக்குள் தலையை விட்டே காட்டிக்கொடுத்தார்கள். எல்லோரிடமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, அவரவர் வீட்டுச் சங்கதிகளையும் விசாரித்து அனுப்புவான். கிரேடரில் அத்தனை லீவர்களையும் பார்க்காமலே இழுக்கிறவன் மண்டையில் ஒரு ஹேண்ட்பிரேக் ஏறவில்லையே என்று கார்னெட்டிடம் புலம்பினேன். தனியாகக் கிடக்கிறான், மறதி வந்திருக்கும் என்றார் அவர்.

இந்த வருடம் ஜூலையில் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று, அவன் விளக்கால் எரிச்சலாகி, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்று பாதிப் படத்தில் கிளம்பிவிட்டது. எனக்கு வந்ததே ஆத்திரம். அடுத்த நாளே ஓரெஸ்ட்டை இழுத்துக்கொண்டு மெக்கானிக் லைலிடம் போனேன். விளக்கைத் துண்டிக்கிற வேலையை வண்டி விற்ற கம்பெனிக்காரர்கள் தொடமாட்டார்கள், சட்டம் இடிக்கும். லைலுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே சின்னதாக ஒரு சுவிட்ச் வைத்தான். அதைத் தட்டிவிட்டால் பகல் விளக்கும் வராது, தானாக எரியும் விளக்கும் வராது.

வேலை நடந்த நேரமெல்லாம் ஓரெஸ்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"இத மறுபடி பழையபடி ஆக்க முடியுமா?"

"எதுக்கு? எல்லார்கிட்டயும் மறுபடி திட்டு வாங்கவா?" என்று லைல் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் முழுக்க மூன்றாம் வரிசை கும்மிருட்டு. எனக்கு ஒரே பெருமை. நடந்துபோகையில் அவன் பக்கம் டார்ச்சை ஆட்டுவேன், அவன் ஒரு விரலைத் தூக்குவான். நிற்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கொசு மொய்க்கிற ராத்திரியிலும் அவன் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தான். கொசு பிடுங்குமே, ஏற்றிக்கொள் என்று நடந்துகொண்டே சொன்னேன். ஏற்றிக்கொண்டான்.

செப்டம்பரில் கடைசி வெள்ளி. அதோடு அந்த வருடத்துக்கு மூடிவிடுவோம். குளிர் எலும்பைத் தொட்டது. படத்தில் தாய் மகனிடம் விடைபெறுகிற கட்டம், மைதானமே மூச்சுக் காட்டாமல் இருந்தது. அப்போது பார்த்து மூன்றாம் வரிசையிலிருந்து பளீரென்று வெளிச்சம். திரையில் தாயையும் காணோம் மகனையும் காணோம். எல்லா வண்டியிலும் ஹாரனை அழுத்தினார்கள். நான் கேன்டீனை அப்படியே போட்டுவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினேன். லைலையும் அவன் சுவிட்சையும் வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

கண்ணாடி இறங்கியிருந்தது.

"சுவிட்ச் கெட்டுப்போச்சா?" என்றேன்.

"இல்ல. நான்தான் போட்டேன்."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு ஓரெஸ்ட்? ஊரே கத்துது, காது கேக்கலையா?"

அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்கு முகம் காட்டாமல் பேசினான்.

"சுவிட்ச் வச்சதுலேருந்து ஒருத்தரும் வரல டோரீன். நீயும் நிக்கல. இன்னிக்கு மூடிருவீங்க. மே மாசம் வரைக்கும் நான் யார்கிட்ட பேசுவேன்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. "அந்த ஹேண்ட்பிரேக்கு?" என்று கேட்டேன்.

"அது வண்டி வாங்குன அன்னிக்கே தெரியும்."

ஒரு மனுஷன் வாய்விட்டுக் கேட்கக் கூசி, ஊரே திட்டினாலும் பரவாயில்லை, யாராவது பக்கத்தில் வந்தால் சரி என்று விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் கெட்டிக்காரர்கள் எல்லோரும் கூடி அதை அணைத்துவிட்டோம். கேன்டீனில் வரிசை நிற்கும், பாப்கார்ன் கருகும். எக்கேடு கெட்டாவது போகட்டும் என்று வண்டியைச் சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தேன்.

அந்த இருக்கை முழுக்க பிளாஸ்டிக் உறை. புது வண்டி விற்கும்போது அழுக்குப் படாமல் இருக்கப் போட்டுக் கொடுப்பார்களே, அது. ஓட்டுகிறவன் இருக்கை தேய்ந்து பள்ளமாகியிருந்தது. இந்தப் பக்கத்து உறையில் ஒரு கசங்கல்கூட இல்லை.

ஓரெஸ்ட் பதறிப்போனான். "இரு, இரு, உக்காராத, எடுத்துர்றேன்" என்று குனிந்து நகத்தால் அந்த உறையைக் கீறினான். அது லேசில் கிழிகிற சாமானாக இல்லை.

"வாங்குனப்ப போட்டது. எடுக்கறதுக்கு அவசியமே வரல" என்றான்.

நான் துண்டைக் கீழே போட்டுவிட்டு உறையின் அடுத்த முனையைப் பிடித்து இழுத்தேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மைதானம் முழுக்க ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.