துடக்கோடு கூப்பிட்ட பங்குனித் திங்கள்

இதை வாசிக்கும்போது சிலருக்கு அருவருப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் எங்கள் அம்மன், அம்மாளாச்சி, எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த நாற்றத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கழுவித் துடைத்துச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

நான் ஜெர்மனியில், ஹனோவரில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். அப்பா இலங்கையில் போர்க்கால இடம்பெயர்வுகளுக்கு நடுவில் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். அம்மா அந்த அளவுகூடப் படிக்கவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். "மற்றவையின்ர ஊத்தையை நான் அள்ளுறது காணும். நீ வெள்ளைக் கோட்டோட நில்" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிப்பித்தார்.

வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் ரப்பர் சப்பாத்து இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. படிப்பின் ஒரு பகுதியாகப் பண்ணையொன்றில் பயிற்சி எடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது இறைச்சிக்காக மாடு வளர்க்கும் சின்னப் பண்ணை. பழுப்பு நிற மாடுகள், இருபதுக்குச் சற்று மேல். சொந்தக்காரர் ஹைனர், அறுபது வயதைத் தாண்டியவர், தனி ஆள். நான் போனது கன்று போடும் காலம்.

நாங்கள் சைவம். வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. அப்படிப்பட்ட நான் அந்தத் தொழுவத்துக்குள் முதல் நாள் கால் வைத்தபோதே ஓங்காளித்தேன். ஈர வைக்கோலின் புளித்த நாற்றம். கழியும் கன்றுகளின் மஞ்சள் சாணம். மாடு கன்று போட்டபின் விழுகிற இளங்கொடியை ஹைனரின் நாய் வாயில் கவ்விக்கொண்டு முற்றம் முழுக்க இழுத்துத் திரிந்தது. தாய் மாடுகளே சிலவேளை அதைத் தின்றன. முழுசாக, மென்று, விழுங்கி. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையை எத்தனை தரம் முழுகினாலும் வெடுக்கு போகவில்லை.

ஹைனருக்கு இதெல்லாம் ஒன்றுமேயில்லை. அவர் ஜெர்மனில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். சாணம் அள்ளிய கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, ஈரல் பசை பூசிய பாண் துண்டை எனக்கு நீட்டுவார்.

"சாப்பிடு. முகம் இண்டைக்கும் பச்சையாக் கிடக்கு."

"நான் இறைச்சி சாப்பிடுறேல்லை எண்டு சொன்னனான்."

"இது இறைச்சியில்லை, ஈரல்."

இந்தப் பகிடியை அவர் நாள் தவறாமல் சொன்னார்.

ஆனால் என்னை உண்மையில் வதைத்தது வேறொன்று. எங்களுக்குள் பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குப் போவதில்லை, வீட்டில் விளக்கு வைப்பதில்லை. மாடு கன்று போடுவதற்கு அந்தக் கணக்கு உண்டோ இல்லையோ தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் அவர் விடவில்லை. "பிள்ளைப்பேறு பிள்ளைப்பேறுதானே. குளிக்காமல் சாமியை நினைக்காதை" என்று தொலைபேசியில் கட்டளை போட்டுவிட்டார். நானும் அப்படித்தான் நடந்தேன். தொழுவத்துக்குள் நிற்கும்போது அம்மாளாச்சியின் பெயரை மனத்தால்கூடச் சொல்வதில்லை. இரத்தமும் சளியுமாக நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? நாள் முழுவதும் தொழுவத்தில்தான் நின்றேன். ஆகவே நாள் முழுவதும் சாமி இல்லாமல் இருந்தேன். பிறந்த நாள் தொட்டு நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையை அடுக்கிவிட்டேன். பயிற்சியைப் பாதியில் விட்டால் ஒரு வருடம் பின்தங்கும் என்று தெரியும். வெட்கமாகவும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள், நாற்றத்துக்குப் பயந்து ஓடிவருகிறாள். ஆனாலும் இனி ஏலாது என்று ஆகிவிட்டது. நாளைக்குப் போகிறேன் என்று ஹைனரிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் பங்குனித் திங்கள். அம்மனுக்கு விரதம். காலையிலேயே முழுகி, தோய்த்த உடுப்பு போட்டு, விபூதி பூசினேன். பண்ணை வீட்டின் மேல் அறையில் சின்ன அம்மன் படம் ஒன்று வைத்திருந்தேன். பகல் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறுவதாக எண்ணம். திரி போட்டு எண்ணெய் விடும்போது ஹைனர் கதவைத் தட்டினார். அவருடைய வலக்கை முழங்கைக்கு மேல் வரை இரத்தம்.

"கீழ வா. நாகு ஒண்டு முதற்கன்று போடேலாமல் நிக்குது."

"டொக்டரைக் கூப்பிடுங்கோ."

"கூப்பிட்டனான். அவர் வேற பண்ணையில ஒரு மாட்டின்ர வயித்தை வெட்டிக்கொண்டு நிக்கிறார். வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் இது தாங்காது. கன்றின்ர தலை பின்னால திரும்பிக் கிடக்கு. என்ர கை பெரிசு, அதுக்கு அங்கால போகுதில்லை."

என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நான் இண்டைக்குப் போறன்" என்றேன்.

"போ. பஸ் மூண்டு மணிக்குத்தானே. இது முடியப் போ."

குளித்துவிட்டேன், விரதம், துடக்கு என்றெல்லாம் ஜெர்மனில் எப்படிச் சொல்வது? விளக்கை ஏற்றாமல் விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

அந்த இளம் மாட்டின் கழுத்து இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் பூட்டியிருந்தது. பின்னால் கன்றின் இரண்டு முன்னங்கால்களின் குளம்புகள் வெளியே தெரிந்தன. அவற்றுக்கு மேல் மூக்கு இருக்க வேண்டும். இல்லை. பனிக்குடம் எப்போதோ உடைந்துவிட்டது. மாட்டின் கண் வெள்ளையாகத் தெரிந்தது. தலை உள்ளே திரும்பிக் கிடக்கக் கால் மட்டும் வந்தால் கன்று வெளியே வராது. தாயும் கன்றும் இரண்டுமே போய்விடும். இதை நான் வகுப்பில் படம் வரைந்து விளக்கி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். படத்துக்கு நாற்றம் இல்லை.

தோள் வரைக்கும் நீளும் கையுறை போட்டேன். வழுவழுப்பான பசையைப் பூசிக் கையை உள்ளே விட்டேன். சூடு. எல்லாப் பக்கமும் இறுக்கம். என் கன்னம் மாட்டின் பின்பக்கத்தில் ஒட்டிக்கிடந்தது. அது முக்கும்போதெல்லாம் சாணமும் நீருமாக என் கழுத்தில் வழிந்து விபூதியில் கலந்து வாயோரம் வந்தது. இரண்டு தரம் ஓங்காளித்தேன். வெறும் வயிறு, புளித்த தண்ணீர்தான் வந்தது. கையுறை உள்ளே எங்கோ கிழிந்துவிட்டது. அந்தச் சளி என் வெறும் தோலில் பட்டது.

கன்றின் கழுத்தைக் கண்டேன். அதன் வழியே போனால் தலை வர வேண்டும். ஆனால் மாடு முக்க முக்க என் கை எலும்புக்கு நடுவில் நசிந்து மரத்துப்போனது. கன்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால்தான் தலையைத் திருப்ப இடம் வரும். தள்ளவே முடியவில்லை. ஒரு முக்கல் முடிய முதல் அடுத்தது வந்தது.

"ஏலாது" என்றேன்.

"காது பிடிபடுதோ?"

"ஒண்டும் பிடிபடேல்லை. கையே இருக்கோ தெரியேல்லை."

ஹைனர் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கூப்பிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. வாயைத் திறந்து, சத்தமாக, தமிழில்: "அம்மாளாச்சி, நான் துடக்கோடதான் நிக்கிறன். கை மாட்டுக்குள்ள கிடக்கு. குளிச்சிட்டு வந்து கேக்க நேரமில்லை. இதை ஒருக்கா முக்காமல் நிப்பாட்டித் தா."

மாடு முக்குவதை நிறுத்தியது.

அவ்வளவுதான் நடந்தது. ஒளி ஒன்றும் தெரியவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. அதன் உடம்பு தளர்ந்தது, என் கைக்கு இரத்தம் திரும்பியது. கன்றின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன், பின்னால் போனது. கழுத்தின் வழியே விரல்களை ஓட்டினேன். காது, கண்குழி, பிறகு ஈரமான மூக்கு. அதன் பல் கருப்பையைக் கிழிக்காமல் மூக்கையும் வாயையும் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துத் தலையைத் திருப்பினேன். வந்தது.

"தலை நேராயிட்டுது. கயிறு தாங்கோ."

பிறகுதான் மாடு மறுபடியும் முக்கத் தொடங்கியது. அதன் முக்கலோடு சேர்ந்து நாங்கள் இருவரும் இழுத்தோம். கன்று சளியும் இரத்தமுமாக என் மடியில் வந்து விழுந்தது. நாக்கு நீலம். மூச்சில்லை. ஹைனர் வைக்கோலால் அதன் விலாவைத் தேய்த்தார். நான் அதன் வாய்க்குள் விரலை விட்டுக் கயிறு கயிறாகச் சளியை இழுத்தெடுத்தேன். ஒரு வைக்கோல் தும்பை மூக்குக்குள் விட்டுக் கிண்டினேன். அது தும்மியது. அந்தத் தும்மலில் இருந்த அத்தனையும் என் முகத்தில் வந்து அடித்தது. கன்று உயிரோடு இருந்தது. நான் எழும்பிப்போய் வைக்கோல் அடுக்குக்குப் பின்னால் நின்று சத்தி எடுத்தேன்.

வைத்தியர் வந்து பார்த்தபோது தாயும் கன்றும் எழுந்து நின்றன. மூன்று மணி பஸ் போய்விட்டது. நான் அடுத்த பஸ்ஸையும் பார்க்கவில்லை. கன்று போடும் காலம் முடியும்வரை அங்கேயே நின்றேன். ஒவ்வொரு கன்றுக்கும் ஓங்காளித்தேன். ஒவ்வொரு கன்றுக்கும் கையை உள்ளே விடமுதல் அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன். அருவருப்பை அவள் என்னிடமிருந்து எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாடு முக்குவதற்கு இடையில் ஓய்வு வருவது இயல்பு, அதில் என்ன அற்புதம் என்று என் சக மாணவி கேட்டாள். அந்தப் பாடத்தை நானும் படித்தேன், நல்ல புள்ளியோடு சித்தியடைந்தேன். ஓய்வு வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. கூப்பிட்டதும் வந்தது என்பது என் கைக்குத் தெரியும்.

சித்திரை வருடப் பிறப்புக்கு அம்மன் கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் பெண்கள் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அம்மா ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. எதிரே இருந்த சாந்தி அன்ரி என் கையைப் பார்த்தார்.

"பிள்ளை, இந்தக் கையோ மாட்டுக்குள்ள போனது?"

"ஓம் அன்ரி. தோள் வரைக்கும்."

"சீ, அரியண்டம். அந்தப் பூவை அங்கால வை. வாடிப்போகும்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "அதுவும் இறைச்சிக்கு வளர்க்கிற மாடு. கொல்லக் குடுக்கிற கன்றுக்கு அம்மனை வேற கூப்பிட்டவளாம், துடக்கோட."

எனக்கு முகம் சுட்டது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. அது நாம்பன், ஆண் கன்று. வளர்ந்ததும் ஹைனர் அதை விற்பார், அதை வெட்டுவார்கள். "தெரியும் அன்ரி. ஆனால் அண்டைக்கு அது மூச்சுக்குத்தான் தவிச்சது. நான் அதைத்தான் கேட்டனான்" என்றேன். பூவை அங்கால வைக்கவில்லை, மாலையைக் கட்டி முடித்தேன்.

வீட்டுக்குப் போகும்போது செருப்பு வைக்கும் இடத்தில் சாந்தி அன்ரி என் பின்னால் வந்தார். குரல் மாறியிருந்தது.

"நீ உண்மையாவே குளிக்காமல் கூப்பிட்டனியோ?"

"ஓம்."

"வாய் விட்டு?"

"ஓம் அன்ரி."

அவருக்கு இரண்டு மகள்மார் என்றுதான் எனக்குத் தெரியும். முதலில் ஒரு மகன் பிறந்தானாம், ஏழாம் மாதத்தில். இங்கே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களாம்.

"எனக்குத் துடக்கு. விளக்கு வைக்கேல்லை. வாயால கூப்பிடவும் பயம், குற்றமாப் போய்ப் பிள்ளையில விழுந்திடுமெண்டு. பக்கத்து வீட்டுக்காரியிட்டைச் சொன்னனான், எனக்காக நீ கும்பிடு எண்டு. அவ கும்பிட்டவவோ மறந்தவவோ, நான் கேக்கேல்லை." செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "கூப்பிட்டிருந்தால் இருந்திருப்பான் எண்டு சொல்லேல்லை பிள்ளை. நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில தனிய நிண்டனான். அதுதான்."

அவர் செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் கதவுப் பக்கம் திரும்பினார். உள்ளே போகவில்லை. நின்ற இடத்தில் கண்ணை மூடி, அந்தப் பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லி, அம்மாளாச்சியிடம் ஏதோ கேட்டார். என் கையை அவர் பிடித்திருந்தார். மாட்டுக்குள் போன அதே வலக்கை.

துடக்கைக் கைவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. இன்றைக்கும் நான் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். ஆனால் பிரசவ அறையிலோ, ஆஸ்பத்திரி வராந்தாவிலோ, வாந்திக்கும் இரத்தத்துக்கும் நடுவிலோ நின்றுகொண்டு, குளித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒருவர் இதை வாசித்தால், அவருக்குச் சொல்கிறேன். நிற்கிற கோலத்திலேயே கூப்பிடுங்கள். அந்த நாற்றத்துக்குள் என்னிடம் வந்தவள் உங்களிடமும் வருவாள்.