தறிக்குழியோரத்துச் சுவர்

கூரத்துக் கொத்தனார் யேசுதாஸ் சுவரைப் பார்க்குமுன் தரையைத் தட்டிப் பார்ப்பார். 1971 ஆடியில் பிள்ளையார்பாளையத்து ரேணுகாம்பாள் வீட்டிலும் அதைத்தான் செய்தார்.

நான்கு தறி ஓடிய நீள வீடு. தறிகள் நெசவாளர் சங்கக் கொட்டகைக்குப் போனபின் காலியாகக் கிடந்தது. பக்கத்துக் கல்லூரி அதை மாணவிகள் விடுதிக்குக் கேட்டிருந்தது. ஆனால் மேற்குச் சுவர் விரிசல் விட்டு மூன்று விரற்கடை சாய்ந்திருந்தது. இடித்துவிட வேண்டியதுதான் என்று எழுத, கட்டடத்தைச் சோதிக்க வந்த ஓவர்சியர் கைலாசம் தயாராக இருந்தார். விடுதி வராவிட்டால் அந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்த யேசுதாஸின் மகள் மேரியின் படிப்பு நின்றுவிடும். கூரத்து பஸ்ஸை நம்பிப் பாதி நாள் வகுப்புக்கே போக முடியவில்லை. இப்படியே போனால் வருஷக் கடைசிப் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கரணைக் காம்பால் தட்டிக்கொண்டே போனவர் சுவரோரம் நின்றார். தரை பொக்கென்று ஒலித்தது. நெசவுக்காரர் காலை இறக்கி மிதிக்கும் தறிக்குழிகள் அங்கே இருந்தவை. எதைப் போட்டு மூடினீர்கள் என்று கேட்டார். பக்கத்து அரிசி மில்லில் உமிச்சாம்பல் சும்மா கிடைத்தது, அதைத்தான் கொட்டினோம் என்றாள் ரேணுகாம்பாள்.

"அதாம்மா கோளாறு. சாம்பல் ஈரங்குடிச்சி அமுங்கிக்கினே போவுது, சுவரையும் சேத்து இழுக்குது. சுவர் மேல குத்தமே இல்ல."

கைலாசம் சிரித்தார். "இவ்ளோ பேசறியே, உன் பொண்ண இந்தச் சுவரோரமாப் படுக்க வைப்பியாப்பா?"

"வைப்பேன் சார். ஐப்பசி மழை போவட்டும்."

அதுவே பந்தயமாயிற்று. யேசுதாஸ் நான்கு குழியிலிருந்தும் சாம்பலை வாரினார். மணலும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து இறுக்கினார். அடிச்சுவரை முழம் முழமாகப் பிரித்துக் கட்டினார். கடைசியில் விரிசலுக்குக் குறுக்கே விரலகலம் சிமெண்டுப் பட்டை பூசித் தேதி கீறினார். பட்டை வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறதென்று அர்த்தம், இடித்துவிடலாம்.

அந்த வருஷம் தென்னேரி ஏரி நிரம்பி வழிந்து கலங்கல் பாய்ந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். மழை கொஞ்சம் வெறித்தால் போதும், யேசுதாஸ் கூரத்திலிருந்து நடந்தே வந்து பட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்த்திகைக் கடைசியில் கைலாசம் வந்தார். பட்டையின் மேல் நகத்தை ஓட்டினார், இரண்டு முறை. ஒரு முடி நுழைய இடமில்லை. பேனாவை எடுத்து விடுதிக்கான அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் கழிந்து விடுதி திறந்தது. மேரியின் தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து யேசுதாஸ் முன்வாசல் வழியே நுழைந்தார். எந்த இடம் என்று கைலாசம் கேட்டார்.

"மேக்குச் சுவரோரந்தான் சார். சொன்ன சொல்லு இருக்குதில்ல?"

பெட்டியை இறக்கிவிட்டுக் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார். பாறையை மிதித்தாற்போலக் கேட்டது.