பல் டாக்டர் வாசலில் பேய்கள்

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணை எல்லாரும் பேயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் நல்ல லட்சணம்தான். காத்திருப்பவர்களுக்குப் பேய்க்கதை வாசித்துக் காட்டுவதால் ஒட்டிக்கொண்ட பேர் அது.

மேஜை இழுப்பறையில் பேய்கள் கூழ் சமைக்கும் பழைய பரணிப் பாட்டுப் புத்தகம் ஒன்றும், அட்டை கிழிந்த திகில் கதைகள் நாலைந்தும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். இரண்டையும் ஒரே மரியாதையோடு படிப்பாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரிப்பாள்.

“போர்க்களம் முழுக்க ரத்தம் ஓடுது. இந்தப் பேய்ங்க என்னடான்னா பந்தியில எனக்குக் குறைச்சலா வெச்சிட்டாங்கன்னு சண்டை போடுதுங்க. நம்ம சொந்தக்காரங்க தோத்தாங்க போங்க!”

ஒருநாள் உள்ளே பல்லைக் குடையும் மெஷின் அலறியதும், பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் மெதுவாகச் செருப்பைத் தேடினார். “சார், இந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டுப் போங்க” என்றாள் பேயக்கா. கதையில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. மீசைக்காரர் வாயைப் பிளந்தார். மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிட்டாள்.

“வாயைத் திறங்கன்னு சொல்ற வேலை மிச்சம் டாக்டர்!”

டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, “அக்கா, இனிமே இங்க கதை வேண்டாம். இது ஆஸ்பத்திரி” என்றார். பேயக்கா இழுப்பறையைச் சாத்தினாள். அறையில் மெஷின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் டோக்கனை நாற்காலியிலேயே வைத்துவிட்டு நழுவினார்கள்.

அப்படி இரண்டு முறை நழுவிய தையல்காரம்மா, கன்னம் பன்னாய் வீங்கி மறுபடியும் வந்தாள். புருஷன் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

“ஊசிக்கா பயம்?” என்று கேட்டாள் பேயக்கா.

“நாள் பூரா ஊசியோடதானே இருக்கேன். உள்ள படுத்தா கண்ணை மூடணும். மூடினா அவர் வந்து நிக்கிறாரு.”

“வந்து என்ன பண்றாரு?”

“ஒண்ணுமில்ல. சும்மா நிக்கிறாரு.”

பேயக்காவுக்குத் தடை மறந்துபோனது. “இப்படித்தான் ஒரு கதையில, செத்துப்போன புருஷன் தினமும் சாயங்காலம் வந்து நிக்கிறான். பொண்டாட்டி நடுங்கிச் சாகுறா. கடைசியில ஒருநாள் துணிஞ்சு, உனக்கு என்னதான்யா வேணும்னு கேட்டுட்டா. அவன் சொல்றான்: ‘என் மூக்குக்கண்ணாடியை எங்கடி வெச்சே?’”

தையல்காரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, வலிக்குதே” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “எங்க வீட்டுக்காரர் சாவியைக் கையில வெச்சுக்கிட்டே வீடு பூரா தேடுவாரு...” என்றவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். தைரியமாக இரு என்று சொல்ல ஊரே வந்திருந்தது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பேயக்கா அவள் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தாள். “நான் படிச்சவரைக்கும் எந்தப் பேயும் கெடுதல் பண்ணணும்னு வரல. பேச்சைப் பாதியில விட்டுட்டுப் போனதுங்கதான் வருது. அடுத்த தடவை வந்தா நீங்களே கேட்டுடுங்க.”

“என்னன்னு கேக்குறது?”

“சாப்பிட்டீங்களான்னு கேளுங்க.”

தையல்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். கண்ணை மூடிப் படுத்தாள். பல் வெளியே வந்துவிட்டது.

அவள் போனதும் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார். திட்டு விழப்போகிறது என்று பேயக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அக்கா, அந்தக் கிணத்துக்குள்ள இருந்து வந்த கை யாரோடது?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “உள்ள எனக்குப் பாதிதான் காதுல விழுந்தது. அன்னையிலிருந்து கீழ கார் நிறுத்துற இடத்துக்குத் தனியா போக முடியல. தினமும் என் மனைவிதான் வந்து கூட்டிட்டுப் போறா.”

பேயக்கா மேஜையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “பக்கத்து வீட்டுக்காரன் கைதான் டாக்டர்! இரவல் கொடுத்த வாளியைத் திருப்பிக் கேக்க வந்திருக்கான்.”

அன்றைக்கு அவர் தனியாகவே வீட்டுக்குப் போனார். கதை வாசிப்பதானால் முழுசாக, டாக்டர் காதில் விழும்படி சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கிளினிக்கில் சட்டம் வந்தது.

தையல்காரம்மா இப்போதும் வருகிறாள். பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்காருகிறாள். பல்லைத்தான் பிடுங்கியாச்சே என்று டாக்டர் கேட்டால், “இன்னும் நிறைய பல்லு இருக்கு டாக்டர், எதுக்கும் இருக்கேன்” என்கிறாள்.