ஸ்பீடு பேப்பரில் பாடிய பாட்டு

1999-ஆம் வருடம் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருவொற்றியூரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு இரண்டாவது முறையாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். முதல் முறை ஃபெயில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், அந்த வருடம் முதுகு பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடந்தார். துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஆபீஸில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, ஹையர் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். இந்த முறையும் கோட்டை விட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

ஸ்பீடு பேப்பர்தான் எனக்கு எமன். பத்து நிமிடத்தில் கொடுத்த பக்கம் முழுவதையும் அடித்து முடிக்க வேண்டும். தெரிந்த வார்த்தை வந்தால் ஓடுவேன், தெரியாத வார்த்தை வந்தால் தடுக்கி விழுவேன். "இன்னாம்மா, மெஷின் ஓட்றியா, மாட்டு வண்டி ஓட்றியா?" என்று மாஸ்டர் கேட்காத நாள் கிடையாது.

ஒரு நாள் அடித்துக்கொண்டிருக்கும்போது தலைக்குள் ஒரு பழைய சினிமாப் பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது. எந்தப் பாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள், என் கணவரிடமே இன்னும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, உதடுகூட அசையவில்லை. ஆனால் தபலா, நடுவில் வரும் புல்லாங்குழல், பாடகி மூச்சு இழுப்பது எல்லாமே உள்ளே அப்படியே கேட்டது. விரல்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. தெரிந்த வார்த்தையோ தெரியாத வார்த்தையோ, எல்லா எழுத்தும் ஒரே சீராக விழுந்தது. அப்புறம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பாட்டை மனதுக்குள் இரண்டு முறை முழுதாக ஓட்டினால் பத்து நிமிடமும் முடிகிறது, பக்கமும் முடிகிறது. மாஸ்டருக்கே ஆச்சரியம். ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள். எனக்கே உள்ளுக்குள் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது.

பரீட்சை ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். மாஸ்டர் எங்கள் மெஷின்களை மினி லாரியில் ஏற்றிவந்து இறக்கியிருந்தார். எனக்குத் தெருவோர ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. மணி அடித்ததும் ஹாலில் இருந்த அத்தனை மெஷினும் ஒன்றாகக் கடகடக்க ஆரம்பித்தன. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம், பாட்டை ஒன்றும் செய்யாது. முதல் சரணம் வரை சுகமாகப் போனேன். அப்போது தெரு முனையில் சாவு மேளம் கேட்டது.

எங்கள் பக்கத்துச் சாவு மேளத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படுத்திருப்பவர் எழுந்து ஆடாததுதான் குறை. ஊர்வலம் சரியாக எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றுவிட்டது. அந்த அடியில் என் பாட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. விரல்கள் மேளத்துக்குப் பின்னால் ஓடின, ஒரே வரியில் நாலு தப்பு. கையை எடுத்துவிட்டேன். கண்ணை மூடிப் பல்லவியைத் தேடினேன். வார்த்தைகள் ஞாபகம் இருந்தன, மெட்டு வரவே இல்லை. காதில் ஒரு தாளம் இடிக்கும்போது மனதுக்குள் இன்னொரு தாளத்தைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இறந்தவர் யாரென்று தெரியாமலே அவரைத் திட்டினேன். அது பாவம்தான்.

வேறு வழி தெரியாமல் முணுமுணுத்துப் பார்த்தேன். தொண்டை அசைந்ததும் மெட்டு வந்துவிட்டது, கூடவே விரல்களும் வந்துவிட்டன. ஆனால் அந்த மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் சத்தம் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பிறகு எவ்வளவு சத்தமாகப் பாடுகிறேன் என்ற நினைவே இல்லை.

மேளம் சட்டென்று நின்றது. பாடையை இறக்கி வைத்தார்கள் போலிருக்கிறது. மெஷின் சத்தத்துக்கு மேலே என் குரல் தனியாகக் கேட்டது, அதுவும் காதல் பாட்டின் உச்சத்தில். பக்கத்து வரிசையில் இரண்டு மெஷின்கள் நின்றே போய்விட்டன. வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளையாகப் பாட்டு நிற்காமல் உள்ளே போய் ஓடிக்கொண்டிருந்தது, கையும் நிற்கவில்லை.

தலைமைக் கண்காணிப்பாளர் வாசலுக்கு வந்துவிட்டார். "யார் சார் உள்ளே பாடினது?" என்றார். என்னை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. எங்கள் ஹாலுக்குக் கண்காணிப்பாளராக இருந்த நடுவயதுக்காரர் என் நாற்காலிக்கு ஓரடி பின்னால்தான் நின்றிருந்தார். நான் பாடியது அவர் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

"சாவு வூட்டுக்காரங்க சார். ஒப்பாரி வெச்சிகினு போறாங்க" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

தலைமைக் கண்காணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். போன நேரத்தைப் பிடிக்க மீதிப் பாட்டைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன். கடைசி வார்த்தையை அடித்ததும் மணி அடித்தது.

தாளை வாங்க வந்தபோது அந்த நடுவயதுக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே மெல்லச் சொன்னார். "மன்சுக்குள்ளயே பாடிக்கணும்மா. நானும் அப்டி பாடிகினுதான் பாஸ் பண்ணேன்."

வெளியே வந்து பள்ளிக்கூடச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிடம் பாஸா ஃபெயிலா என்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தலைக்குள் பாட்டு ஓடுவது என் ஒருத்தியின் கோளாறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்னொருவருக்கும் ஓடுகிறது என்று தெரிந்ததும் நெஞ்சு அவ்வளவு லேசாகிவிட்டது.

பாஸ் பண்ணிவிட்டேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மார்க் ஷீட்டை வாங்கி, "பாஸ்னு எங்க கீது, காட்டு" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தார். அடுத்த வாரம் வேலையில் சேர்ந்தேன்.

அந்த மனிதரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை, பெயரும் தெரியாது. ஆனால் பஸ்ஸிலோ பாங்க் வரிசையிலோ சும்மா நிற்கிற யாருடைய விரலாவது மெல்லத் தட்டிக்கொண்டிருந்தால், உள்ளே ஒரு பாட்டு ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர் அன்றைக்கு எனக்குச் செய்ததைப் போலவே, நானும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.