இரண்டு வீட்டில் ஒரு பரஸ்தானம்

விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள தெருவில் நின்று, "வடிவு வீடு எது?" என்று கேட்டால், எண்பதுகளில் யாரும் கதவு நம்பர் சொல்ல மாட்டார்கள். "சத்தம் வர்ற வீடு" என்பார்கள். சத்தத்தில் பாதி பிள்ளைகளுடையது, மீதி வடிவுடையது. மெதுவாகப் பேசலாம் என்பதையே அவள் கேள்விப்பட்டதில்லை. மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, கடல் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. விழுப்புரத்துக்கு வந்த பிறகும் அவள் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் ராஜாங்கம் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இங்கே ஐஸ் பேக்டரி வேலைக்கு வந்தவன். வடிவு முதலில் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு நர்ஸ் வீட்டில், பிள்ளையைப் பார்க்க வருகிற பெண் வரவில்லை, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, பிள்ளை வீறிட்டு அழுகிறது. வடிவு கூடையை இறக்கி வைத்து, "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறாள். நர்ஸ் திரும்பி வந்தபோது பிள்ளை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கூடையில் இருந்த மீனைப் பூனை தின்று முடித்திருந்தது. அன்றோடு மீன் வியாபாரம் நின்று, வடிவு வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அவளுக்கு இது புதிய வேலையே இல்லை. அவர்கள் குப்பத்தில் பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகும்போது, அன்றைக்கு எவள் வீட்டில் தங்குகிறாளோ அவளிடம் அந்த வரிசையின் பிள்ளைகள் எல்லாரையும் விட்டுவிட்டுப் போவார்களாம். யார் பெற்றது என்று பார்த்துச் சோறு போடும் வழக்கம் அங்கே கிடையாது.

இனி என் பாட்டைச் சொல்கிறேன். நான் திண்டிவனத்தில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புகிறவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பாண்டுரங்கன் பிறந்து, லீவுக்கு மேல் லீவு போட்டு, கெஞ்சிக் கூத்தாடி இன்னும் கொஞ்சம் லீவு வாங்கி, அதுவும் முடிந்துவிட்டது. கார்த்திகை மாதத்து ஒரு திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் என்று ஹெட்கிளார்க் சொல்லியனுப்பினார். என் அம்மா இல்லை. மாமியாருக்கு வளவனூரில் கரும்பும் மாடும். ஒருநாள்கூட விட்டு வர முடியாது. பாண்டுவோ அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்த பருவம்.

ஆள் தேடுவதில் என் நாத்தனார் அம்சாவும் இறங்கினாள். அவள் பங்கு பெரும்பாலும், நான் சொல்கிற ஆளெல்லாம் ஏன் ஆகாது என்று சொல்வதுதான். ஒருத்தி வெற்றிலை போடுகிறாள், ஒருத்தி வீட்டில் கிணறு இருக்கிறது, ஒருத்தியின் புருஷன் முகமே சரியில்லை. வடிவின் பேரை எடுத்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"மீன் கூடை தூக்கினவளா? புள்ள கவுச்சி வாடையோட வளரும், பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமையானால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிடுகிறவள் இதைச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே, சொல்லாமல் கொள்ளாமல், நடுமத்தியானத்தில் வடிவு வீட்டுக்குப் போனேன். திடீரென்று போனால்தான் வீட்டின் லட்சணம் தெரியும் என்பது என் கொள்கை.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தட்டிலிருந்து வாய்க்கு வாய் பருப்புச்சோறு போய்க்கொண்டிருந்தது. பெரியதொன்று முறை தப்பி வாயைத் திறக்க, "உன்னுது ஆச்சுடா, ஏமாத்தாத" என்று வடிவு அதட்டினாள். அது சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டது. நான் கேட்க வைத்திருந்த கேள்விகளைக் கேட்பதற்குள் அவள் என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"புள்ள தூக்கம் வந்தா கண்ணக் கசக்குமா, காத இழுக்குமா?"

"காதை இழுப்பான்."

"கேப்பைக் கூழு குடுக்கறீங்களா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

"உட்டுட்டுப் போறப்ப நீங்க அழுவீங்களா?"

நான் அப்படியெல்லாம் அழுகிற ஆள் இல்லை என்றேன்.

"அழுவாதவங்கதான் பேஜாரு, டைப்பிஸ்டம்மா. அழுதுட்டுப் போறவங்க சாயங்காலம்தான் வருவாங்க. அழுவாதவங்க மத்தியானமே ஜல்தியா ரயிலேறி ஓடியாந்துடுவாங்க."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

முடித்துவிட்டேன் என்று நான் நினைத்தேன். இதற்கிடையில் அம்சா, கீழ்ப்பெரும்பாக்கத்தில் இருந்த கோவிந்தம்மாள் என்கிற அம்மாளிடம் பேசி வைத்துவிட்டாள். நம் சனம், புருஷன் போய் வெகுகாலமாயிற்று, பிள்ளை இல்லை, தனிக்கட்டை, பொழுதுக்கும் சும்மா இருக்கிறவர். பாண்டுவை ராசா மாதிரி பார்த்துக்கொள்வார் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். தம்பி என்பது என் வீட்டுக்காரர் சீனுவாசன். உரக்கடையில் வேலை. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். நான் வடிவு என்றபோது சரி என்றார். அக்கா கோவிந்தம்மாள் என்றபோதும் சரி என்றார். இரண்டு சரியையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மேல் ராகுகாலம். என் ரயிலும் அந்த நேரத்தில்தான். பிள்ளை முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போவது கெட்ட நேரத்திலா என்று அம்சா குதித்தாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், மறைப்பானேன். எங்கள் பக்கத்தில் இதற்கு வழி உண்டு. கிளம்பும் நேரம் சரியில்லையென்றால், முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து, போகிறவரின் துணிமணியை மூட்டை கட்டி வேறு வீட்டில் வைத்துவிடுவது. இதுதான் பரஸ்தானம். பயணம் அப்போதே ஆரம்பித்துவிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு ராகுகாலமும் எமகண்டமும் ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு விதி, மூட்டை வைத்த வீட்டில் போகிறவரின் கால் பட்டாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் மூட்டை கட்டினேன். தூளிக்கு என் பழைய நூல்புடவை, கேப்பை மாவு, இரண்டு சட்டை, கிலுகிலுப்பை. வடிவு வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்லி இவரைச் சைக்கிளில் அனுப்பினேன். போனார், வந்தார், வைத்தாகிவிட்டது என்றார். முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மறுநாள் கட்டப்போகும் புடவையைப் பற்றிய யோசனை.

திங்கட்கிழமை காலை பாண்டுவைத் தூக்கிக்கொண்டு இருவரும் வடிவு வீட்டுக்குப் போனோம். அவள் மூட்டையை எடுத்து வந்தாள். புடவையும் மாவும் இருந்தன. சட்டையைக் காணோம், கிலுகிலுப்பையைக் காணோம்.

"இவ்ளோதாங்க குடுத்தாரு" என்றாள் வடிவு.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். பிறகு மெல்ல விஷயம் வெளியே வந்தது. சைக்கிளில் போகும் வழியில் அக்கா வீட்டில் நின்றிருக்கிறார். நாளைக்குப் பிள்ளையைக் கோவிந்தம்மாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மறுத்துச் சொல்ல வாய் வராமல், தெருமுனைக்கு வந்து, சைக்கிள் கேரியரில் வைத்தே மூட்டையை அவிழ்த்து இரண்டாகக் கட்டி, வீட்டுக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு பக்கமும் மனசு நோகாது பாருங்கள். பிள்ளையையும் அப்படிக் கட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்சா மூச்சு வாங்க வந்து நின்றாள். கோவிந்தம்மாள் தெருமுனையில் காத்திருந்து பார்த்துவிட்டு வருகிறாள். மூட்டை விவரத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"புள்ளைய உடச் சொன்னா, பரஸ்தானத்த வெச்சிட்டு வந்துக்கிற. தாலியறுத்தவங்க வூட்ல யாருடா பரஸ்தானம் வெப்பாங்க? உனக்குப் புத்தி இருக்குதா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா" என்றார் இவர். உண்மையிலேயே தெரியாது. ஆண்பிள்ளைகளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரிகிறது.

எனக்கு அம்சா மேல்தான் ஆத்திரம் வந்தது. பிள்ளையை நாள் முழுக்கச் சுமப்பதற்கு அந்த அம்மாள் ஆகும், ஒரு மூட்டையை வைப்பதற்கு மட்டும் ஆகாதா என்று கேட்டேவிட்டேன். ஸ்டேஷன் பக்கம் மணி அடித்தது. ரயிலை விட்டால் வேலை போயிற்று. பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று புரியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வடிவு என் கையிலிருந்து பாண்டுவை வாங்கிக்கொண்டாள். "அழுதுட்டீங்க இல்ல, இனிமே கவலை இல்ல, போங்க. மூட்டை வெச்ச வூட்ல புள்ள காலு படணும், அவ்ளோதானே? ஒம்போது அடிக்கட்டும், நானே தூக்கிகினு போயி காலை வெச்சிட்டு, மூட்டைய எடுத்துகினு வந்துடறேன்."

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். அன்று டைப் அடித்ததில் பாதியைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. மாலையில் மழை பிடித்துக்கொண்டு பாசஞ்சர் லேட் என்றார்கள். பொறுக்க முடியாமல் பஸ் ஏறி விழுப்புரம் வந்து, நேராக வடிவு வீட்டுக்குப் போனேன்.

வீடு பூட்டியிருந்தது. சத்தம் வரும் வீட்டில் சத்தமே இல்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"காலையில எல்லாப் புள்ளைங்களையும் இட்டுகினு போச்சும்மா, இன்னும் வர்ல" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

கீழ்ப்பெரும்பாக்கத்துக்கு எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மழையில் செருப்பு ஒன்று அறுந்துபோனது மட்டும் ஞாபகம். தெருவுக்குள் திரும்பியதும் வடிவின் குரல் கேட்டது. அந்தத் தொண்டைக்கு அன்றைக்கு நான் கும்பிடு போட்டேன்.

உள்ளே பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். மூலையில் அம்சாகூட மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை போட வந்தவளாம். உத்தரத்தில் தூளி கட்டியிருந்தது. பாண்டு அதில் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று ஆட்டிக்கொண்டிருந்த ஒல்லியான அம்மாள்தான் கோவிந்தம்மாள்.

"எங்க வூட்டு ஆள ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தேனே, பாக்கலியா?" என்றாள் வடிவு. ராஜாங்கம் அங்கே வராத ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். "கோச்சிக்காதீங்க. காலை வெச்சிட்டு வந்துடலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா வூடு கழுவி, கோலம் போட்டு, புதுக்கயிறு வாங்கியாந்து தூளி கட்டி, கூழு காய்ச்சி வெச்சிகினு வாசல்லயே நிக்கறாங்க. எப்படிங்க மூட்டைய எடுத்துகினு கெளம்பறது? எனக்கு வாயே வர்ல."

வடிவுக்கு வாய் வராமல் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கோவிந்தம்மாள் தூளியை விடாமலே பேசினார். "இந்தத் தெருவுல யாராச்சும் நல்லதுக்குக் கெளம்பினா நான் கதவுக்குப் பின்னாடி போயிடுவேம்மா. யாரும் சொல்ல வாணாம், நானே போயிடுவேன். நேத்து உங்க வூட்டுக்காரரு வந்து மூட்டையச் சாமி படத்துக்குக் கீழ வெச்சி, பரஸ்தானம், பத்தரமா வெச்சிக்குங்கன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. யாரு கெளம்பறதுக்கும் என் வூட்ல மூட்டை வெச்சதில்லம்மா."

அம்சா கதையை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு இவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. அன்றைக்கு அந்த அசட்டு மனுஷன் மேல் வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"நாளைக்கும் இட்டுகினு வருவீங்களா?" என்று கோவிந்தம்மாள் கேட்டார். கேட்டது என்னை இல்லை, வடிவை.

"தெனமும் இத்தனையையும் இழுத்துகினு என்னால நடக்க முடியாது" என்றாள் வடிவு. "நீங்க வாங்க. ரெண்டு பேருமா பாத்துக்கலாம். ஒண்ணு தூங்கறப்ப ஒண்ணு எழுப்புது, எனக்கும் ரெண்டு கை பத்தல."

செவ்வாய்க்கிழமை காலை நான் வடிவு வீட்டுக்குப் போனபோது கோவிந்தம்மாள் எனக்கு முன்பே வந்து அடுப்பு பற்றவைத்திருந்தார். பாண்டுவைக் கொடுத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணவில்லை. கதவுக்குப் பின்னால் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. வடிவு உள்ளே போய், கையைப் பிடித்து இழுத்து வந்து, வாசற்படியின் நடுவில் எனக்கு நேராக நிறுத்தி, அவர் இடுப்பில் பாண்டுவை ஏற்றிவைத்தாள்.

"போயிட்டு வர்றேம்மா" என்றேன், அந்த முகத்தைப் பார்த்து.

அவர் பாண்டுவின் கையைப் பிடித்து மேலே தூக்கி ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் அழுதபடியே தெருமுனை வரை போனேன். அன்றைக்கு ரயில் சரியான நேரத்துக்கு வந்தது.