மாத்திரைக்கு வைத்த வெண்ணெய்

எங்கள் சின்ன நாய்க்குக் கணையத்தில் வீக்கம் என்றார் டாக்டரம்மா. அப்படி ஓர் உறுப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"தாத்தா, கொழுப்பு கொஞ்சங்கூட ஆகாது. திரும்ப வந்தா தாங்காது."

எனக்குப் படிக்க வராது. கடைக்காரரை ஒவ்வொரு நாய்த்தீனிப் பையாகப் படிக்கச் சொல்லி, கொழுப்பு குறைந்ததை வாங்கினேன். நாய் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டு, தோலில்லாத கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, ஆறியதும் மேலே படிந்த கொழுப்பை வழித்தெறிந்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். தின்றது.

மூன்றாம் நாள் காலை மறுபடியும் வாந்தி. ஆட்டோவில் என் மடியில் அது முதுகை வளைத்து நடுங்கியது.

"வேற என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க குடுத்த மாத்திர மட்டுந்தான்."

"எப்படிக் குடுத்தீங்க?"

தேவராஜா மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய நாளிலிருந்தே, கசப்பு மாத்திரையை வெண்ணெயில் உருட்டித்தான் விழுங்குவேன். என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவளுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். வெண்ணெயை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

"வெண்ணெயில..." என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எவ்வளவு?"

"நெல்லிக்கா அளவும்மா. ரெண்டு வேளையும்."

"இத்துனூண்டு நாய்க்கு அது கல்யாணச் சாப்பாடு தாத்தா." அவர் சிரிக்கவில்லை. காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்.

சாயங்காலம் ஒரு தடவை வாலை அசைத்தது. இரவு அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து வெண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவினேன். மூன்று தடவை கழுவியும், பிசுக்கு இன்னும் ஒட்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது.