'ஆனால்' இல்லாத முற்றம்

யங்தொலிடம் நேராக ஒரு பதில் வாங்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. பதினெட்டு வருஷமாக கர்நாடகத்துப் பைலகுப்பேயில் எங்கள் திபெத்தியப் பெண் துறவிகள் மடத்துச் சமையலறையில் நானும் அவளும்தான் திங்மோ என்கிற ஆவி ரொட்டிக்கு மாவு பிசைகிறோம். "உப்பு சரியா இருக்காடி?" என்றால், "இருக்கு அச்சா, ஆனா..." என்பாள்; அச்சா என்றால் எங்கள் மொழியில் அக்கா. "இன்னும் கொஞ்சம் போடவா?" "போடலாம், இல்லாட்டி வேணாம்." கரண்டியாலேயே ஒன்று வைக்கலாமா என்றிருக்கும்.

இப்படிப்பட்டவள்தான் அடுப்பு வேலை போக மிச்ச நேரத்தில் தர்க்கம் படித்தாள். வாத முற்றத்தில் உட்கார்ந்து பதில் சொல்பவளுக்கு நாலே பதில்தான் உண்டு: ஒத்துக்கிறேன், ஏன், காரணம் நிற்காது, அப்படி ஆகாது. 'ஆனால்' கிடையாது, 'அல்லது' கிடையாது. நின்று கேட்பவள் மடக்கிவிட்டால், கையைத் தட்டி "ட்ஸா!" என்று கத்துவாள். விழுந்தாய் என்று அர்த்தம். யங்தொல் இறுதித் தேர்வில் இரண்டு தடவை விழுந்து, "ஆனா, ஆனா" என்று இழுத்து இழுத்தே மொத்தத்தையும் கெடுத்துக்கொண்டாள். மூன்றாவதிலும் போனால் இனி உட்கார மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். தேறினால் இமயமலைப் பக்கம் ஸ்பிதியில் அவள் ஊர் மடத்துக்கு ஆசிரியை. இல்லையென்றால் என்னோடு அடுப்படி.

அவள் தோற்றால் தேவலை என்று நான் நினைத்ததுண்டு. வெட்கக்கேடுதான். அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

தேர்வன்று கேட்க நின்றவள் ரிக்ஸின். வயதில் சின்னவள், நாக்கு கத்தி.

"சங்கு வெள்ளை. அப்ப வெள்ளையா இருக்கறதெல்லாம் சங்குதானே?"

"ஒத்துக்கிறேன்." பதற்றம். முதல் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

"அப்ப பாலும் சங்கா? காலைல சங்கையா கரைச்சுக் குடிச்சே, அச்சா?"

முற்றமே சிரித்தது. "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று சுற்றி இருந்தவர்கள் கத்தினார்கள். யங்தொலின் வாய் 'ஆ' என்று திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"அப்படி ஆகாது."

"இப்பதானே ஒத்துக்கிட்டே! ட்ஸா! ட்ஸா! ட்ஸா!"

மூன்று கைத்தட்டும் அவள் முகத்துக்கு நேராக விழுந்தன. அவள் சாக்கு எதுவும் சொல்லவில்லை. தலை குனிந்து மூன்றையும் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த அரை மணி நேரம் ரிக்ஸினால் அவளை அசைக்க முடியவில்லை. நான் தூணோரம் ஜபமாலையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதடி, விட்டுடாதடி" என்று முனகிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து முடிவு வந்தது. தேறிவிட்டாள். மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஏன் அச்சா அழறே? நான் போறேன்னா, பாஸாயிட்டேன்னா?"

"பாஸாயிட்டேன்னுதான்" என்றேன். அது பொய்யில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.